ஏவன் ரிங்: கால்வாயும் ஆறுமாக ஒரு நேரோபோட் சுற்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நேரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகை எடுத்துச் சுற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கால்வாய்க் கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். ஏவன் ரிங்கில் அது போதாது. சுற்றில் பாதிக்கும் மேல் ஆறு. ஆறு என்றைக்கு வழிவிடும் என்பதை வானம்தான் முடிவு செய்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

ஏவன் ரிங் எந்த வழியாகப் போகிறது?

பர்மிங்ஹாமின் தெற்கு விளிம்பில் உள்ள கிங்ஸ் நார்ட்டன் சந்திப்பை வரைபடத்தின் உச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய் தென்மேற்காக இறங்கி வூஸ்டர் நகரில் செவர்ன் ஆற்றைத் தொடுகிறது. செவர்னில் 16 மைல் கீழே போனால் டியூக்ஸ்பரி. அங்கே ஏவன் ஆறு வந்து கலக்கிறது. ஏவனில் ஏறினால் பெர்ஷோர், ஈவ்ஷம், பிட்ஃபோர்ட் வழியாக ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட். அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாய் மறுபடி கிங்ஸ் நார்ட்டனுக்கே கொண்டுவந்து விடும். மொத்தம் ஏறக்குறைய 109 மைல், 130 லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி).

இந்தச் சுற்று இன்று இருப்பதே தன்னார்வலர்களின் உழைப்பால்தான். ஏவனின் கீழ்ப்பகுதி 1962-லும், ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதி 1964-லும், ஏவனின் மேல்பகுதி 1974-லும் மீட்டுத் திறக்கப்பட்டன. அதற்கு முன் இந்தப் பகுதிகள் சேறும் புதருமாகத் தூர்ந்து கிடந்தவை.

ஒரு வார விடுமுறையில் முடித்துவிடலாமா?

முயல வேண்டாம். படகுக்காரர்கள் போடும் கணக்கு எளியது: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 109-உம் 130-உம் சேர்ந்து 239. மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 80 மணி. ஏழு நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்கும் நேரம், லாக்கில் வரிசையில் நிற்கும் நேரம், சமைக்கும் நேரம் எதுவும் இதில் சேரவில்லை. வாடகைப் படகை இருட்டில் ஓட்டவும் கூடாது.

இரண்டு வாரம் எடுத்தால் நாளுக்குச் சுமார் ஆறு மணி நேரம். அதிலும் 12 நாளில் முடிக்கத் திட்டமிட்டு இரண்டு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். ஆறு பெருகினால் காத்திருக்க அந்த இரண்டு நாள் வேண்டும். மழை பெய்யாவிட்டால் ஸ்ட்ராட்ஃபோர்டில் உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வேறு சுற்றுக்குப் போங்கள். 2011-இல் மீண்டும் திறக்கப்பட்ட ட்ராய்ட்விச் கால்வாய்கள் வழியாக வூஸ்டரிலிருந்து 21 மைல், 33 லாக் கொண்ட குட்டிச் சுற்று ஒன்று இருக்கிறது. அதிலும் செவர்னில் கொஞ்ச தூரம் போகலாம். நான்கு நாளில் சாவகாசமாக முடியும்.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

ஆல்வ்சர்ச், ஸ்டோக் ப்ரையர், வூஸ்டர், வூட்டன் வாவன் ஆகிய ஊர்களில் வாடகைத் தளங்கள் உள்ளன. எங்கிருந்து கிளம்பினாலும், முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை: வூஸ்டரை நோக்கி இறங்கி, செவர்னில் நீரோட்டத்தோடு போய், ஏவனில் நீரோட்டத்துக்கு எதிராக ஏறுவது.

ஏவனில்தான் குறுகிய பாலக் கண்களும், கொண்டை ஊசி வளைவுகளும், லாக்கை ஒட்டிய தடுப்பணைகளும் அதிகம். எதிர் ஓட்டத்தில் போகும் படகை எஞ்சின் வேகத்தைக் குறைத்த உடனே நிறுத்த முடியும். ஓட்டத்தோடு போகும் படகைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தவும் திருப்பவும் பழகிய கை வேண்டும். செவர்ன் அகலமான, நேரான ஆறு. அங்கே ஓட்டத்தோடு போவது சிரமமில்லை. ஆல்வ்சர்ச்சிலிருந்து கிளம்பினால் ஆற்றைத் தொடுவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட லாக்குகளைக் கடந்து கையும் பழகியிருக்கும்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவார்கள். ஆறுகளும் அப்போதுதான் அதிகம் பெருகும். ஆனால் கோடை என்பதற்காக அசட்டையாக இருக்கக் கூடாது. 2007 ஜூலையில் டியூக்ஸ்பரி நகரமே வெள்ளத்தில் தீவாகிப் போனது. வறண்ட கோடையில் சிக்கல் தலைகீழ்: தண்ணீரை மிச்சம் பிடிக்க லாக் வரிசைகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுவதுண்டு. கால்வாய்களைக் கவனிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் அறிவிப்புகளைப் புறப்படும் வாரத்தில் தினமும் பாருங்கள். ஏவன் மட்டும் வேறு நிர்வாகம். அதை ஏவன் நேவிகேஷன் டிரஸ்ட் கவனிக்கிறது, அறிவிப்புகளும் தனி.

மே மாதம் போனால் ஈவ்ஷம் பக்கம் அஸ்பாரகஸ் கிடைக்கும், ஆகஸ்ட் என்றால் பெர்ஷோரில் பிளம். இரண்டுக்கும் பேர்போன மண் அது.

படகு பதிவு செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: செவர்னிலும் ஏவனிலும் போக அனுமதி உண்டா? சில வாடகைத் தளங்கள் புதியவர்களை ஆற்றுக்குள் விடுவதில்லை. இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டால் பிறகு திட்டமே கவிழ்ந்துவிடும். அடுத்து, ஏவனுக்குத் தனி உரிமம் வேண்டும். அது வாடகையில் சேர்ந்ததா, கூடுதலா? டீசல் எப்படிக் கணக்கிடப்படும்? சேதத்துக்கான முன்பணம் எவ்வளவு? நங்கூரமும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் தருவார்களா?

ஓட்டுபவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. படகை ஒப்படைக்கும்போது ஒரு மணி நேரம் போலச் சொல்லித்தருவார்கள். முடிந்தால் முதல் லாக் வரை கூட வரச் சொல்லுங்கள்.

நீளம் பற்றி: நேரோபோட்டின் அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் 70 அடி வரை. நான்கு பேருக்கு 55 முதல் 60 அடி தாராளம். ஏவனின் வளைவுகளில் 70 அடிப் படகைத் திருப்புவது புதியவர்களுக்குப் பெரும்பாடு. ஆள் அதிகம் இருந்தாலொழிய வேண்டாம்.

ஆல்வ்சர்ச்சிலிருந்து கிளம்பினால் நாள்வாரியாக எப்படிப் பிரிப்பது?

சனி மாலை படகைப் பெற்றதும் இரண்டு சுரங்கங்களைக் கடந்து டார்டெபிக் உச்சியில் கட்டிவிடுங்கள். வழியில் லாக் கிடையாது, ஓட்டிப் பழக நல்ல தூரம். இரண்டாம் நாள் டார்டெபிக்கின் 30 லாக். அதற்குமேல் அன்று எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் ஸ்டோக், ஆஸ்ட்வுட் லாக்குகளை இறங்கி ஹான்பரி தாண்டி. நான்காம் நாள் வூஸ்டர். கால்வாய்ப் பக்கமாகவே, டிக்லிஸ் பேசின் என்ற படகுத் துறைக் குளத்துக்கு உள்ளே இரவு தங்குங்கள். ஐந்தாம் நாள் செவர்னில் இறங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் டியூக்ஸ்பரி. பிறகு பெர்ஷோர், ஈவ்ஷம், பிட்ஃபோர்ட், ஸ்ட்ராட்ஃபோர்ட் என்று நாளுக்கு ஒரு ஊர். ஒன்பதாம் நாள் ஸ்ட்ராட்ஃபோர்ட் சேர்ந்தால் பத்தாம் நாள் ஓய்வு. அதன்பின் வூட்டன் வாவன், லாப்வொர்த், ஹாக்லி ஹீத், பிறகு லாக்கே இல்லாத நீண்ட ஓட்டத்தில் கிங்ஸ் நார்ட்டன் வழியே ஆல்வ்சர்ச்.

ஆற்றங்கரையில் நினைத்த இடத்தில் கட்ட முடியாது என்பதை மறக்க வேண்டாம். கால்வாயில் நடைபாதைப் பக்கம் முளை அடித்துக் கட்டிவிடலாம். ஆற்றில் ஊர்த் துறைகளில் மட்டும்தான். கோடை விடுமுறையில் அவை மாலை நான்கு மணிக்கே நிறைந்துவிடும். காலையில் சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் துறை பிடிப்பதே உத்தமம்.

லாக்கை எப்படி இயக்குவது? எங்கே தவறு நடக்கிறது?

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. கதவிலோ கரையிலோ உள்ள சிறு மதகுகளைப் பேடில் என்பார்கள். அவற்றை ஏற்றி இறக்க விண்ட்லாஸ் என்ற கைப்பிடிச் சாவி உங்களிடம் இருக்கும்.

இறங்கும்போது முறை இது. கீழ்க் கதவுகளும் கீழ்ப் பேடில்களும் மூடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தொட்டி காலியாக இருந்தால் மேல் பேடில்களைத் திறந்து நிரப்புங்கள். நீர்மட்டம் சமமானால்தான் மேல் கதவு அசையும். அசையாத கதவை முட்டித் தள்ளுவதில் பயனில்லை, இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். படகை உள்ளே விட்டு, மேல் கதவை மூடி, மேல் பேடில்களை இறக்குங்கள். பிறகு கீழ்ப் பேடில்களைப் பாதி திறந்து, படகு அசையாமல் நிற்கிறதென்று பார்த்துவிட்டு முழுதாகத் திறக்கலாம். மட்டம் சமமானதும் கீழ்க் கதவைத் திறந்து வெளியேறி, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போங்கள்.

வாடகைப் படகுகள் மூழ்குவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று சில். மேல் கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்மேடைக்கு அந்தப் பெயர். நிறைந்த தொட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பகுதி மட்டும் கீழே போய்ப் படகு குப்புறச் சாய்ந்து சில நிமிடங்களில் நீர் புகுந்துவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் சுக்கான் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஓட்டுபவர் கண் எப்போதும் அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் கத்திக்கொண்டு படகைத் தள்ள முயலாதீர்கள். கீழ்ப் பேடில்களை உடனே மூடி, மேல் பேடில்களைத் திறந்து தொட்டியை நிரப்புங்கள். படகு தானாக மிதந்துவிடும்.

ஏறும்போது ஆபத்து முன்முனையில். மேல் கதவின் சட்டத்துக்கு அடியில் முன்முனை செருகிக்கொண்டால், தண்ணீர் உயர உயர அது அமுங்கும். மேல் பேடில்களை மூடி, கீழ்ப் பேடில்களைத் திறங்கள்.

படகைக் கயிறு போட்டு இறுகக் கட்டிவிட்டு லாக்கை இயக்குவது இன்னொரு பெரிய தவறு. தண்ணீர் இறங்கும்போது கயிறு படகைத் தொங்கவிட்டுவிடும். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விண்ட்லாஸைத் தண்டில் விட்டுவிட்டு நகரவே கூடாது; தடுப்புப் பல் நழுவினால் அது சுழன்று முகத்தையோ கையையோ உடைத்துவிடும்.

டார்டெபிக்கின் 30 லாக்கும் ஒரே நாளில் முடியுமா?

முடியும். பிரிட்டனிலேயே மிக நீளமான லாக் வரிசை அது. இரண்டேகால் மைலுக்குள் 220 அடி இறங்குகிறது. மூன்று பேர் இருந்தால் நான்கு, ஐந்து மணி நேரம். ஒருவர் ஓட்ட, ஒருவர் லாக்கில் நிற்க, மூன்றாமவர் அடுத்த லாக்கைத் தயார் செய்ய முன்னே போகட்டும். எதிரே படகு வருகிறதா என்று பார்த்துவிட்டே தயார் செய்ய வேண்டும். அவர்களுக்குச் சாதகமாக இருக்கும் லாக்கை நீங்கள் நிரப்பினால் ஒரு தொட்டித் தண்ணீர் வீண், சண்டையும் வரும்.

உச்சியில் உள்ள லாக் மற்றவற்றைவிட நன்றாக ஆழம். 1808 வாக்கில் அங்கே லாக்குக்குப் பதிலாகப் படகையே தூக்கும் இயந்திரம் ஒன்றைச் சோதித்தார்கள். அது சரிவராமல் அந்த உயரம் முழுவதையும் ஒரே லாக்காகக் கட்டினார்கள். சில் பற்றிச் சொன்னதை இங்கே இரட்டிப்புக் கவனத்தோடு கடைப்பிடியுங்கள்.

ஆற்றுக்குள் நுழையுமுன் என்ன சரிபார்க்க வேண்டும்?

நங்கூரம். அது பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை. முன்பக்கம், சங்கிலியும் கயிறும் படகோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டு, ஒரே வீச்சில் போடும்படி இருக்க வேண்டும். எஞ்சின் நின்றுபோன படகைத் தடுப்பணையில் போய் விழாமல் காப்பது அது ஒன்றுதான். மேல்தளத்தில் நிற்கும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். எண்ணெயும் டீசலும் பார்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரில் ஏதும் சிக்கியிருந்தால் பேசினிலேயே எடுத்துவிடுங்கள்.

அடுத்து நீர்மட்டப் பலகை. லாக்குகளின் அருகே பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் இருக்கும். தண்ணீர் பச்சையில் இருந்தால் போகலாம். மஞ்சள் என்றால் ஓட்டம் வேகம், மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் மஞ்சளிலேயே நின்றுவிடுவது நல்லது. சிவப்பைத் தொட்டால் யாரும் போகக் கூடாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். செவர்ன் வேல்ஸ் மலைகளில் பிறக்கும் ஆறு. அங்கே பெய்த மழை ஓரிரு நாள் கழித்துத்தான் வூஸ்டருக்கு வந்து சேரும்.

டிக்லிஸ் பேசினிலிருந்து இரண்டு அகல லாக் இறங்கினால் செவர்ன். இடப்பக்கம் திரும்பியதும் டிக்லிஸ் ஆற்று லாக். அதைப் பணியாளர் இயக்குகிறார். விளக்கு பச்சையாகும்வரை வெளியே காத்திருங்கள். உள்ளே முன்னும் பின்னும் ஒவ்வொருவர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும்.

டியூக்ஸ்பரியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு ஆறும் கூடும் கூர்முனையில் மணல்திட்டு உண்டு. ஏவன் வாய் தெரிந்ததும் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பினால் தரைதட்டிவிடும். வாயைத் தாண்டிச் சற்றுக் கீழே போய், அகலமாக வளைத்துத் திரும்பி உள்ளே வாருங்கள். அங்குள்ள ஏவன் லாக்கிலும் பணியாளர் உண்டு. வேலை நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள ஏவன் லாக்குகளை நீங்களேதான் இயக்க வேண்டும். அவை அகலமானவை, பேடில்கள் பெரியவை. கால்வாசி திறந்து, பொறுத்து, பிறகு மேலும் திறங்கள். வயர் என்ற இடத்தில் உள்ள லாக் வைர வடிவில் இருக்கும். அதில் படகு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க முன்கயிறும் பின்கயிறும் அவசியம். பழைய கல்பாலங்களில் எந்தக் கண் வழியே போவது என்று வழிகாட்டிப் படத்தில் குறித்திருக்கும். எதிரே ஓட்டத்தோடு படகு வந்தால் அதற்கே வழிவிட வேண்டும், ஏனெனில் அதால் நிற்க முடியாது.

ஆறு சிவப்பில் இருந்தால்?

வூஸ்டரை அடையுமுன் தெரிந்துவிட்டால் ஹான்பரியில் ட்ராய்ட்விச் பக்கம் திரும்பி, ஊரைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். ஒரு எச்சரிக்கை: எம்5 நெடுஞ்சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப்பாலத்தின் உயரம் குறைவு, சால்வார்ப் ஆறு பெருகினால் அங்கும் போக முடியாது. அப்போது கால்வாயிலேயே பர்மிங்ஹாம் நகர மையம் வரை போய், திரும்பும் வழியில் ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயில் இறங்கி வரலாம். எட்டாம் நாள் தாண்டியும் ஆறு இறங்கவில்லை என்றால் சுற்றை மறந்துவிடுங்கள். ஏவனில் இருக்கும்போது மட்டம் ஏறினால் ஊர்த் துறையில் கட்டி, தளத்துக்கு போன் செய்யுங்கள். கயிறுகளை அவ்வப்போது தளர்த்திக் கொடுங்கள். நாள் தப்பிப் படகு வருவதை எந்தத் தளமும் விரும்பாது, ஆனால் வெள்ளத்தில் வரும் படகைவிட அது மேல் என்று அவர்களுக்கும் தெரியும்.

படகை ஓட்டுவது கடினமா?

அரை நாளில் பிடிபடும். டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை, இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். படகு நடுவில் சுழல்கிறது. முன்முனை வலப்பக்கம் போனால் பின்முனை இடப்பக்கம் வீசும், கரையில் நிற்கும் படகை இடிக்கும். புரொப்பெல்லர் சுழலாதபோது சுக்கானுக்கு வேலையே இல்லை. பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸ்தான். வலப்பக்கமாகப் போங்கள். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். பின்னால் அலை கரையில் உடைந்தால் அதுவே அதிகம். கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது வேகத்தை அடியோடு குறையுங்கள்.

தரைதட்டினால் முன்னே உந்தாதீர்கள், இன்னும் ஏறி உட்காரும். எல்லோரும் ஆழமான பக்கம் நகர்ந்து, ரிவர்ஸில் வந்த வழியே பின்வாங்குங்கள்.

வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கத்தில் என்ன செய்வது?

2,726 கெஜம், அதாவது இரண்டரை கிலோமீட்டர். அரை மணிக்கு மேல் ஆகும். முன்விளக்கு, உள்விளக்கு எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்து தண்ணீர் கொட்டும், மழைக்கோட்டு அவசியம். இரு நேரோபோட்டுகள் எதிரெதிரே கடக்கலாம். எதிரே விளக்கு தெரிந்தால் மெதுவாக்கி வலப்பக்கம் ஒதுங்குங்கள். உள்ளே நடைபாதை கிடையாது.

ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயில் தனிக் கவனம் தேவையா?

வில்ம்கோட்டில் 11 லாக், லாப்வொர்த்தில் இன்னொரு நெருக்கமான வரிசை. பாலங்கள் மிகக் குறுகல். நடுவில் கயிறு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டியவை, அந்நாளில் படகை இழுத்த குதிரையை அவிழ்க்காமலே போவதற்காக. எட்ஸ்டோன் நீர்ப்பாலம் 475 அடி நீள இரும்புத் தொட்டி, இங்கிலாந்திலேயே நீளமானது. அதன் ஒரு பக்கம் நடைபாதை தொட்டியின் அடிமட்டத்தில் போவதால், நடப்பவர் கால் படகின் அடிப்பாகத்தைவிடத் தாழ்வாக இருக்கும். ஹாக்லி ஹீத் அருகே தூக்குப் பாலங்களை விண்ட்லாஸால் ஏற்ற வேண்டும். ஷர்லியில் உள்ளது சாவியால் இயங்குவது. சாலையை மறித்துத் திறக்க வேண்டியிருப்பதால் காலை, மாலை நெரிசல் நேரத்தைத் தவிருங்கள்.

தினமும் படகுக்கு என்ன செய்ய வேண்டும்?

காலையில் எஞ்சின் எண்ணெய், குளிர்நீர் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டின் கிரீஸ் கப்பை ஒரு திருகு திருகுங்கள். தண்ணீர்த் தொட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் நிரப்புங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கழிப்பறைத் தொட்டி எப்போது காலி செய்ய வேண்டும், எங்கே செய்யலாம் என்று தளத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகு திடீரென இழுக்காமல் அதிர்ந்தால் புரொப்பெல்லரில் பிளாஸ்டிக்கோ கயிறோ சுற்றியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள வீட் ஹேட்ச் என்ற திறப்பின் மூடியைத் திறந்து அறுத்தெடுங்கள். மூடியை இறுக்கித் திருகாமல் எஞ்சினைப் போட்டால் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடித்துப் படகு மூழ்கும்.

சமையலுக்கும் மின்சாரத்துக்கும் என்ன வசதி?

கேஸ் அடுப்பு இருக்கும், குக்கர் வைக்கலாம். மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவது, அதனால் மிக்ஸி, மின்கெட்டில், ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம். தேங்காய் விழுது, இட்லி மாவு போன்றவற்றை அரைத்தே கொண்டுவாருங்கள். கூரையிலும் கதவிலும் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்காக அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக. கை கால் படகுக்கு வெளியே நீட்டக் கூடாது, பாலம் வரும்போது கூரைமேல் யாரும் இருக்கக் கூடாது, லாக் ஓரத்தில் ஓடக் கூடாது. யாராவது விழுந்தால் முதலில் நியூட்ரல். ரிவர்ஸ் போட்டால் புரொப்பெல்லர் இழுத்துவிடும். நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் காயங்களை மூடி, சாப்பிடுமுன் சோப்பால் கை கழுவ வேண்டும்.

எல்லோருக்கும் இரண்டு வாரம் லீவு கிடைக்காது. நடுவில் சேர முடியுமா?

இந்தச் சுற்றின் பெரிய வசதியே அதுதான். ஆல்வ்சர்ச், வூஸ்டர், பெர்ஷோர், ஈவ்ஷம், ஸ்ட்ராட்ஃபோர்ட், வில்ம்கோட், வூட்டன் வாவன், லாப்வொர்த், கிங்ஸ் நார்ட்டன் எல்லாவற்றிலும் ரயில் நிலையம் உண்டு. டார்டெபிக்குக்கு முன்னும் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள். லாக் வரிசைகளுக்குத்தான் கைகள் அதிகம் வேண்டும். ஆற்றில் இருக்கும் நாட்களுக்கு மூன்று பேர் போதும்.

கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

பெரும்பாலான தளங்கள் காலை ஒன்பது மணிக்கே படகைக் கேட்கும். அதனால் கடைசி இரவுக்குத் தளத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் வந்துவிடுங்கள். ஆல்வ்சர்ச் என்றால் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கத்தைத் தாண்டி ஹாப்வுட் பக்கம் கட்டலாம். உடைந்தது, தொலைந்தது எதுவாயினும் நீங்களே சொல்லிவிடுங்கள், குறிப்பாகத் தண்ணீரில் விழுந்த விண்ட்லாஸை. அடுத்த குடும்பம் அன்று மதியமே அதே படகில் ஏறுகிறது.